கறை போகணும், கையெழுத்து இருக்கணும்: ஆட்டோகிராஃப் ஜெர்சியில் மார்க்கர் பட்டால் என்ன செய்யலாம்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், தன் பெயரையும் அதே பாறையில் வெட்டி வைத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்பதுதான் அந்தச் சமஸ்கிருதக் கல்வெட்டின் சாரம். விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். கிட்டத்தட்ட 1,400 வருஷம் ஆகியும் அந்தக் 'கையெழுத்து' அழியவில்லை.

இன்னொரு கையெழுத்து. 2023 மே 14, சென்னை சேப்பாக்கம். கொல்கத்தாவுடன் சிஎஸ்கே ஆடிய ஐபிஎல் ஆட்டம் முடிந்து, தோனி மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலில் 10,000 ரன்களைத் தொட்ட சுனில் கவாஸ்கர், யாரிடமோ பேனா வாங்கி வைத்துக்கொண்டு ஓடிப்போய், தான் போட்டிருந்த சட்டையிலேயே கையெழுத்துக் கேட்டார். நெஞ்சுப் பக்கம் தோனி போட்டுக் கொடுத்தார். அப்போது கவாஸ்கருக்கு வயது 73.

கல்லில் வெட்டியது அப்படியே நிற்கும். துணியில் மார்க்கரால் போட்டது அப்படி இல்லை. 'பெர்மனென்ட்' என்று பேனாவில் அச்சிட்டிருந்தாலும், ஒரு சொட்டு சானிடைசர் போதும், அதைக் கரைத்துவிட. ஆட்டோகிராஃப் ஜெர்சி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பிரச்னை எப்படி வருது?

ஊருக்குள் நடக்கும் டோர்னமென்ட்டுக்கு ஒரு பெரிய வீரர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முண்டியடித்து ஜெர்சியை நீட்டுகிறீர்கள். அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் இடிக்கிறார். பேனா இழுத்துக்கொண்டு போய் தோள் பக்கம் ஒரு கோடு விழுகிறது. இல்லையென்றால் மூடி போடாத மார்க்கரோடு ஜெர்சியையும் ஒரே பையில் வைத்து பஸ்ஸில் எடுத்து வருகிறீர்கள். அதுவும் இல்லையென்றால், மை காய்வதற்குள் மடித்துவிடுகிறீர்கள். கையெழுத்தின் நிழல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது.

சாதாரண சட்டை என்றால் யூடியூப் பார்த்து எதையாவது ஊற்றித் தேய்க்கலாம். போனால் போகட்டும். இதில் அப்படி முடியாது. கறையும் மார்க்கர் மைதான், கையெழுத்தும் மார்க்கர் மைதான். ஒன்றைக் கரைக்கிற திரவம் இன்னொன்றையும் கரைக்கும். 'இது கறை, இது கையெழுத்து' என்று பிரித்துப் பார்க்கிற ரசாயனம் எதுவும் கிடையாது.

அதனால் இங்கே 'எந்தத் திரவம்?' என்று கேட்பதைவிட, 'அந்தத் திரவத்தை எந்த இடத்தைத் தாண்டாமல் நிறுத்துவது?' என்று கேட்பதுதான் முக்கியம்.

மார்க்கர் மைக்குள் என்ன இருக்கு?

மூன்று பொருள்கள். ஒன்று, நிறம் தரும் சாயம். இரண்டு, அந்தச் சாயத்தைப் பிடித்து ஒட்டவைக்கும் ரெசின், அதாவது பிசின். மூன்று, இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான். இன்றைய மார்க்கர்களில் பெரும்பாலும் இது ஆல்கஹால் வகை.

எழுதியதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும். சாயமும் பிசினும் துணியில் படலமாகத் தங்கிவிடும். அந்தப் பிசினைத் தண்ணீரால் கரைக்க முடியாது. 'பெர்மனென்ட்' என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: தண்ணீருக்கு அழியாது. ஆனால் எதில் கரைந்து வந்ததோ, அதையே மறுபடி தொட்டால் மை இளகிவிடும். அதனால்தான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மார்க்கர் கறையை எடுக்கிறது.

வெள்ளி, தங்க நிறத்தில் எழுதும் பெயின்ட் பேனாக்கள் வேறு ஜாதி. அவற்றில் உலோகப் பளபளப்புத் தரும் நிறமித் தூளும் வேறு வகைப் பிசினும் இருக்கும். ஆல்கஹாலுக்கு இவை அவ்வளவு சீக்கிரம் இளகாது. கையெழுத்து வெள்ளி நிறப் பேனாவிலும் கறை சாதாரணக் கறுப்பு மார்க்கரிலும் இருந்தால், உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கக் கையெழுத்து மேலேயே கை வைக்கக் கூடாது.

ஜெர்சித் துணி ஏன் கஷ்டம் கொடுக்குது?

இன்றைய விளையாட்டு ஜெர்சிகள் பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி தன் எடையில் சுமார் 8% ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. நூல் ஈரத்தை உள்ளே குடிக்காது என்பதால், மை நூலின் மேற்பரப்பிலும் நூல்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளிலும்தான் தங்குகிறது. கறை எடுக்க இது நல்ல செய்தி.

கெட்ட செய்தியும் அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது. வியர்வை ஒரே இடத்தில் தேங்காமல் துணி முழுக்கப் பரவிக் காய வேண்டும் என்றுதான் ஜெர்சியை நெய்கிறார்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது வியர்வையை இழுக்கும். ஆல்கஹாலையும் அப்படியே இழுக்கும். நீங்கள் தோளில் வைத்த ஒரு சொட்டு, கரைந்த மையையும் சுமந்துகொண்டு நாலா பக்கமும் ஓடும். ஓடுகிற வழியில் கையெழுத்து இருந்தால் கதை முடிந்தது. சின்னக் கோடாக இருந்த கறை, நீல வட்டமாக விரிந்து கையெழுத்தையும் சேர்த்து மங்கவைப்பது இப்படித்தான்.

முதல் கேள்வி: எடுத்தே ஆகணுமா?

பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்சியை ஃப்ரேம் போடப்போகிறீர்கள் என்றால், கை, ஓரம், அடிப்பகுதியில் இருக்கும் கறையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆபத்தும் இல்லை.

வீட்டில் கை வைக்கவே கூடாத மூன்று சூழ்நிலைகள்:

- கறை கையெழுத்தைத் தொட்டுக்கொண்டோ, அதன் மேலேயோ இருந்தால்.
- கறைக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நாலு விரல் வைக்கும் அளவுகூட இடைவெளி இல்லாவிட்டால்.
- கறை ஜெர்சியின் எண், பெயர், ஸ்பான்சர் லோகோ போன்ற ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் இருந்தால். ஆல்கஹால் அந்தப் படலத்தையே இளக்கலாம், வெடிப்பு விடவைக்கலாம்.

இந்த மூன்றிலும் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். கறையோடு இருக்கும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. கறையும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல் போன ஜெர்சி, கடையில் கிடைக்கும் இன்னொரு ஜெர்சி, அவ்வளவுதான்.

சரி, கறை தள்ளித்தான் இருக்கு. எப்படி எடுப்பது?

தேவையானவை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இயர் பட்ஸ், வெள்ளை டிஷ்யூ அல்லது பழைய வெள்ளை வேட்டித் துண்டு, ஒரு பிளாஸ்டிக் ஷீட். சானிடைசர் ஜெல் வேண்டாம். அதில் கெட்டித்தன்மைக்கும் வாசனைக்கும் சேர்க்கும் பொருள்கள் துணியில் தங்கிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்றால் லேபிளைப் படியுங்கள்; சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்க அது அந்த நிலையில்தான் இருக்கும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

1. போட்டோ எடுங்கள். கையெழுத்தையும் கறையையும் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில். நடுவில் ஏதாவது மாறுகிறதா என்று ஒப்பிட இதுதான் ஆதாரம்.

2. சோதனை செய்யுங்கள். ஜெர்சியின் உள்பக்கத் தையல் ஓரத்தில் ஆல்கஹால் தொட்ட பட்ஸை வைத்து, வெள்ளை டிஷ்யூவால் அரை நிமிஷம் அழுத்துங்கள். டிஷ்யூவில் ஜெர்சியின் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மஞ்சள் ஜெர்சியில் வெள்ளைத் திட்டு, கறுப்புக் கோட்டைவிட அசிங்கமாக இருக்கும்.

3. ஜெர்சிக்குள் பிளாஸ்டிக் ஷீட் வையுங்கள். மை முதுகுப் பக்கம் இறங்காமல் தடுக்க. ஷீட்டுக்கு மேல், கறைக்கு நேர் கீழே, மடித்த வெள்ளைத் துணி இருக்கட்டும். கரைந்த மை பக்கவாட்டில் ஓடாமல் கீழே இறங்க வேண்டும்.

4. கறை தாழ்வாகவும் கையெழுத்து மேடாகவும் இருக்கட்டும். கையெழுத்துப் பகுதிக்கு அடியில் ஒரு மடித்த துண்டை வைத்து உயர்த்தினால் போதும்.

5. பட்ஸை நனைத்து, ஓரத்தில் பிழிந்துவிட்டுத் தொடுங்கள். சொட்டக் கூடாது. கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறை விரியும், துணியும் பஞ்சு பஞ்சாகும்.

6. உடனே காய்ந்த டிஷ்யூவால் அழுத்துங்கள். இளகிய மையைக் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் அது வேறு இடத்தில் காய்ந்து புதுக் கறையாகும்.

7. ஒவ்வொரு முறையும் புது பட்ஸ், அடித்துணியில் புது இடம். பத்துப் பதினைந்து சுற்று ஆகலாம். பொறுமைதான் இங்கே பாதி வேலை.

8. டிஷ்யூவில் மை ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள். லேசான நிழல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அதை விரட்டப் போய்த்தான் நிறைய பேர் கையெழுத்தை இழக்கிறார்கள். நிழலில், ஃபேன் காற்றில் உலர விடுங்கள். பிறகு தண்ணீரில் அலச வேண்டாம்.

இப்போதுதான் கறை பட்டது, இன்னும் ஈரமாக இருக்கிறது என்றால் திரவமே வேண்டாம். காய்ந்த டிஷ்யூவை அழுத்தி எடுத்தாலே கணிசமான மை வந்துவிடும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

நெயில் பாலிஷ் ரிமூவர்: அதில் இருக்கும் அசிட்டோன் பாலியஸ்டரை ஒன்றும் செய்யாமல் விடலாம், எண்ணையும் லோகோவையும் விடாது. தின்னர், பெட்ரோலும் அப்படித்தான். தீ ஆபத்து வேறு.

பிளீச்: சாயத்தைவிட ஜெர்சியின் நிறத்தையும், அதில் கலந்திருக்கும் ஸ்பான்டெக்ஸ் நூலையும் முதலில் பதம் பார்க்கும்.

டூத்பேஸ்ட், எலுமிச்சை, பால்: டூத்பேஸ்ட்டில் தேய்க்கும் துகள்கள் உண்டு, நூலைச் சிராய்க்கும். எலுமிச்சைச் சாறும் பாலும் மார்க்கர் பிசினைக் கரைக்காது. துணியில் தங்கி மஞ்சளாகும், பூச்சியைக் கூப்பிடும்.

அயர்ன் பாக்ஸ்: "சூடு காட்டினால் கையெழுத்து நிலைத்துவிடும்" என்று சொல்வார்கள். துணிக்கென்றே தயாரிக்கும் சில பேனாக்களுக்கு அது பொருந்தும். சாதாரண மார்க்கருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பாலியஸ்டரில் அச்சிட்ட டிசைன் சூட்டில் இடம் மாறலாம், ஒட்டிய எண் உருகலாம். கறையையும் சேர்த்து இறுக்கிவிடும்.

இன்னொன்று. கையெழுத்து மங்கிவிட்டது என்று அதன் மேலேயே பேனாவால் திரும்ப எழுதுவது. அந்த நிமிஷத்திலிருந்து அது அந்த வீரரின் கையெழுத்து அல்ல, உங்கள் கையெழுத்து.

நிபுணர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பராமரிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்கள் துணியைத் துளைகள் உள்ள மேசையில் விரித்து, கீழிருந்து காற்றை உறிஞ்சவிடுவார்கள். மேலே வைத்த சொட்டு பக்கவாட்டில் ஓட நேரமில்லாமல் நேராகக் கீழே போய்விடும். காப்பாற்ற வேண்டிய இடத்தில் சைக்ளோடோடெக்கேன் என்ற மெழுகு போன்ற பொருளைத் தடுப்பாகப் பூசும் முறையும் உண்டு. வேலை முடிந்ததும் அதை யாரும் துடைக்க வேண்டியதில்லை. கற்பூரம் போலத் தானாகவே காற்றில் கரைந்துவிடும்.

கேட்க ஆசையாக இருக்கும். வீட்டில் முயல வேண்டாம். உண்மையிலேயே ஈடில்லாத ஜெர்சி என்றால் துணிப் பராமரிப்பு தெரிந்த கன்சர்வேட்டரிடம் காட்டுவது நல்லது. இந்தத் துறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வகம் 1930-லேயே தொடங்கிவிட்டது. சாதாரண டிரை கிளீனிங் கடைக்கு அனுப்பாதீர்கள். அங்கே முழுத் துணியும் கரைப்பானில் முங்கும்.

அதே மார்க்கர் கல்லில் பட்டால்?

இப்போது மண்டகப்பட்டுக்குத் திரும்புவோம். பாக்கெட்டில் மார்க்கரோடு வரும் கை, துணியோடு நிற்பதில்லை. பழைய கோயில், கோட்டை, குகை என்று போகிற இடங்களில் பெயரும் தேதியும் இதய வடிவமும் எழுதி வைப்பதைப் பார்க்கிறோம். விழுப்புரம் வட்டாரத்தில் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. மண்டகப்பட்டு, அதே மகேந்திரவர்மனின் இன்னொரு பட்டப்பெயரைத் தாங்கி நிற்கும் தளவானூர் சத்ருமல்லேஸ்வராலயம், பல்லவர் ஓவியம் மிஞ்சியிருக்கும் பனமலை, செங்காவிப் பாறை ஓவியங்கள் உள்ள கீழ்வாலை என்று பட்டியல் நீளும்.

கல்தானே, துடைத்தால் போயிற்று என்று நினைப்பது தப்பு. கருங்கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. மை அதற்குள் இறங்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மையோடு கல்லின் மேல்தோலும் போகும். ஆசிட் ஊற்றினால் கல்லே நிறம் மாறும். ஓவியம் இருக்கும் சுவர் என்றால் ஆல்கஹால், தண்ணீர் எதுவுமே ஆபத்து.

கன்சர்வேட்டர்கள் இங்கே செய்வதும், கொஞ்சம் பெரிய அளவில், நம் டிஷ்யூ வைத்தியம்தான். காகிதக்கூழ் அல்லது களிமண்ணில் கரைப்பானைக் கலந்து கல்லின் மேல் பற்றுப் போடுவார்கள். மை இளகிக் கல்லிலிருந்து பற்றுக்குள் ஏறும். காய்ந்ததும் பற்றை எடுத்துவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு போகிற இளைஞர் குழுக்களும் தாங்களாக இதைச் செய்யக் கூடாது. எழுத்தைப் பார்த்தால் போட்டோ எடுத்து, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால் இந்தியத் தொல்லியல் துறைக்கும், மாநிலச் சின்னமென்றால் மாநிலத் தொல்லியல் துறைக்கும் சொன்னால் போதும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். மண்டகப்பட்டு குடைவரை மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னம். பழங்காலச் சின்னங்கள் பாதுகாப்புக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

அடுத்த முறை கையெழுத்து வாங்கும்போது

கறையை எடுப்பதைவிட வரவிடாமல் செய்வது சுலபம்.

- ஜெர்சிக்குள் ஒரு தடித்த அட்டையை வைத்துக் கிளிப் போட்டு, இழுத்துப் பிடித்து நீட்டுங்கள். எழுத்து இழுபடாது, மை முதுகுக்கு இறங்காது.
- மெல்லிய முனை மார்க்கர் கொடுங்கள். தடித்த முனையில் மை அதிகம் இறங்கிப் பரவும்.
- எண், லோகோ மேல் வேண்டாம். வெறும் துணியில் வாங்குங்கள்.
- நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள்.
- மார்க்கரும் ஜெர்சியும் ஒரே பையில் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு கையெழுத்தின் பெரிய எதிரி வெளிச்சம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். நாம் வரவேற்பறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைக்கிறோம். சில வருஷத்தில் கறுப்புக் கையெழுத்து பழுப்பாகிவிடுகிறது. ஃப்ரேம் போடுவதானால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், அமிலமில்லாத அட்டையும் கேளுங்கள். வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். ஃப்ரேம் வேண்டாம் என்றால் கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூஞ்சை பூத்துவிடும்.

கையெழுத்து வாங்கிய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும் என்று ஆசை வரும். வியர்வையும் துவைப்பும் சேர்ந்தால் பெர்மனென்ட் மார்க்கரும் தாங்காது. ஆடுவதற்கு இன்னொரு ஜெர்சி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை வாங்க முடியுமா என்பதை மட்டும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.